ஏழாம் இலக்க அறிக்கை

2003 ஜனவரி 20, திங்கள்

காலை முழுவதும் மிளகு நாற்றுகளின் வேர்களை எண்ணினேன். பதினொரு மணிக்கு மின்சாரம் போய் மூன்று மணிக்கு வந்தது. பணிப்பாளர் கண்டியில், கூட்டம். இதையெல்லாம் எழுதிவைக்க வேண்டுமா? எழுதாவிட்டால் இந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் என்ன செய்தேன் என்பது எனக்கே தெரியாமல் போய்விடும்.

இரண்டு மணிக்கு முத்தலிப் வந்தார். மாத்தளையில் உக்குவளைக்கு அப்பால் அவருடைய கிராமம். நாற்பது குடும்பங்களின் மிளகைச் சேர்த்து நாலு வருடமாக அமெரிக்காவிலுள்ள ஒரு கடைக்காரருக்கு அனுப்புகிறார். கையில் ஒரு கடிதம்.

"மிஸ், இங்கிலீஷ் கடதாசின்னா எங்க மக றமீஸாதான் வாசிப்பா. இத வாசிச்சிட்டு அவளுக்கே வெளங்கல்லன்னுட்டா. கல்யாணக் கடதாசியா கோட்டுக் கடதாசியான்னாவது சொல்லுங்க."

நீதிமன்றக் கடதாசிதான், கிட்டத்தட்ட. மிளகை ஆடாதோடை இலை அவித்த சுடுநீரில் அமிழ்த்தி எடுத்து உலர்த்தும் முறைக்கு அங்கே ஒரு கம்பனி ஆக்கவுரிமை, அதாவது 'பேட்டன்ட்', வைத்திருக்கிறதாம். அந்த முறையில் பதப்படுத்திய மிளகை இறக்குவது சட்டப்படி குற்றமாகலாமாம். விஷயம் தீரும்வரை புதிய ஓடர் இல்லை.

மழைக்காலத்திலும் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அந்தக் கிராமம் முழுவதும் செய்வது அதைத்தான். இலை அவித்த தண்ணீரில், நபிகள் மீது பதினொரு ஸலவாத்து ஓதும் நேரம் மிளகுக் கூடையை அமிழ்த்துவார்கள். அவ்வளவுதான் நுட்பம்.

"எங்க வாப்பா மௌத்தாகி முப்பது வருஷம் மிஸ். அவரு முக்கினதுக்கு நாங்க எங்க போய் பெர்மிட் எடுக்கிற?"

பார்க்கலாம் என்றேன். நான் எல்லோருக்கும் சொல்லும் பதில் அது.

ஜனவரி 24, வெள்ளி

நகரத்தில் இணையக் கடையில் அந்த ஆக்கவுரிமைப் பத்திரத்தைத் தேடி எடுத்து அச்சிட்டேன். ஒன்பது பக்கம். விண்ணப்பித்தது 1994 மார்ச்சில். இலையின் தாவரவியற் பெயர், நீரின் வெப்பநிலை, பிறகு: "நாற்பது முதல் அறுபது விநாடிகள்."

1988இல் முத்தலிப்பின் மனைவி கைறுன்னிஸா கூடையை அமிழ்த்தி ஓத, பக்கத்தில் நான் நிறுத்தற் கடிகாரத்தோடு நின்றேன். முப்பது தடவை அளந்தேன். சராசரி ஐம்பது விநாடி. நிலையத்தின் அறிக்கையில் "ஐம்பது விநாடி" என்று எழுதினேன். ஸலவாத்தை எழுதவில்லை. விஞ்ஞான அறிக்கையில் அது எதற்கு என்று நினைத்தேன்.

அவர்கள் திருடினார்கள் என்று சொல்லமாட்டேன். இலையும் சுடுநீரும் யாருக்கும் தோன்றக்கூடியவை. அது புதிதல்ல, எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

பெப்ரவரி 3, திங்கள்

மகேந்திரராஜாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பேராதனையில் என்னோடு படித்தவர். இப்போது கொழும்பில், வெளிநாட்டு வர்த்தகப் பேச்சுவார்த்தைகளுக்கு ஆவணம் தயாரிக்கும் பிரிவில். பத்து வருடமாகப் பேசவில்லை. குரல் மாறவில்லை, உற்சாகமும் மாறவில்லை.

"சந்திரா, நீர் தெய்வம்! இப்பிடி ஒரு உதாரணத்தைத்தான் நான் ஒரு வருசமாத் தேடுறன்."

செப்டெம்பரில் உலக வர்த்தக மாநாடு. ஒரு நாட்டின் தாவரத்தையோ பரம்பரை அறிவையோ வைத்து ஆக்கவுரிமை கேட்பவர், அதை எங்கிருந்து எடுத்தார் என்று சொல்லியே ஆகவேண்டும் என்று ஏழை நாடுகள் கேட்கப் போகின்றன. நம்முடைய நாட்டின் இணைப்பு ஆவணத்தில் முத்தலிப்பின் மிளகைச் சேர்க்கலாம் என்றார். அத்தோடு, ஆக்கவுரிமையை நேரே எதிர்க்கவும் ஒரு சட்டத்தரணி அமைப்பு உதவுமாம்.

"ஆனா ஒண்டு. நாற்பது குடும்பமும் சத்தியம் பண்ணினாலும் அங்க எடுபடாது. வேற நாட்டில சனம் கையால செய்து வந்தது அவையின்ர சட்டத்துக்குக் கணக்கில்லை. அச்சில வந்திருக்க வேணும். 94க்கு முதல், ஆரும் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில இருந்திருக்க வேணும். இந்தியா மஞ்சளை அப்பிடித்தான் மீட்டது. பழைய பிரசுரங்களைக் கொண்டுபோய் மேசையில வைச்சவை."

இருக்கிறது என்றேன். செயற்திட்ட அறிக்கை இலக்கம் ஏழு. நானே எழுதியது.

எனக்கு நம்பிக்கை வருவது அபூர்வம்.

பெப்ரவரி 11, செவ்வாய்

நாளை ஹஜ்ஜுப் பெருநாள். நூலகத்தைப் பார்க்கும் பதுர்தீன் லீவில். சாவியை வாங்கி நானே திறந்தேன்.

அறிக்கை இருக்கிறது. ரோணியோ இயந்திரத்தில் படியெடுத்த பதினான்கு பக்கம், மை மங்கியிருக்கிறது, வாசிக்கலாம். அட்டையில் இலக்கம் மட்டும்தான், வருடம் இல்லை. நாங்கள் வருடம் போடுவதில்லை. எழுதிய வருடமும் தலைமையகம் அங்கீகரித்த வருடமும் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை என்பதால்.

உள்ளே நூலக முத்திரை. பெறப்பட்ட திகதி: 1996 பெப்ரவரி 19.

பதிவேட்டைப் பார்த்தேன். அறிக்கை இலக்கம் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை, எல்லாம் ஒரே நாளில். பக்கத்தின் கீழே மேற்பார்வை அதிகாரியின் கையொப்பம்.

என்னுடையது.

பெப்ரவரி 14, வெள்ளி

பதுர்தீனைக் கேட்டேன். எனக்கு நினைவு வந்துவிட்டது, ஆனாலும் கேட்டேன்.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க. ஓடிட் வருதுன்னு முழு கந்தோரும் தலைதெறிக்க ஓடிச்சே! எட்டு வருஷத்துச் சாமான் பதியாமக் கெடந்திச்சு. நான் கேட்டேன், என்ன திகதி போடுறதுன்னு. இன்னக்கித் திகதியப் போட்டு முடின்னீங்க."

ஆம். 88, 89இல் அலுவலகம் திறந்திருந்த நாளைவிடப் பூட்டியிருந்த நாள் அதிகம். கலகக்காரரிடமிருந்து ஒரு துண்டுத் தாளில் "நாளை வேலைக்குப் போகாதே" என்று வரும். யாரும் போகமாட்டோம். போனவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். அந்த நாட்களில் வந்ததையெல்லாம் ஒரு மூலையில் அடுக்கினார்கள். பதிவேட்டுக்கு யார் போனது? பிறகு 96இல் கணக்காய்வாளர் வருகிறார் என்றதும் எனக்கு ஒரே பயம், பதிவேட்டில் இடைவெளி இருக்கக்கூடாது. ஒரே நாளில் முடித்தோம். கணக்காய்வாளர் பாராட்டினார்.

"தப்பாப் போச்சா மிஸ்?"

"இல்லை" என்றேன்.

பெப்ரவரி 15

மகேந்திரராஜாவிடம் சொன்னேன். அறிக்கையை எப்போது எழுதினோம் என்பது பிரச்சினையில்லையாம், எப்போது பொதுமக்கள் கைக்கு வந்தது என்பதுதானாம். நூலகப் பதிவேடுதான் சாட்சி. எங்கள் பதிவேடு எதிர்த்தரப்புக்குச் சாட்சி.

"வேற பிரதி ஒண்டும் இல்லையா? ஆருக்கும் அனுப்பேல்லையா?"

அறுபது பிரதி அடித்தோம். மாவட்டத்து விவசாயப் போதனாசிரியர்கள் எல்லோருக்கும் அனுப்பினோம். ஒரு பிரதி, திகதியிட்ட உறையோடு கிடைத்தால் போதும். ஒன்றே ஒன்று.

பெப்ரவரி 22, சனி

வஹகோட்டை. அன்று அந்தப் பகுதிக்குப் போதனாசிரியராக இருந்த அந்தோனி, ஓய்வுபெற்றுத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். என்னைக் கண்டதும் சந்தோஷம். சிங்களத்தில்தான் பேசினோம். அறிக்கை நன்றாக நினைவிருக்கிறதாம். அந்த முறையைப் பற்றி அவர் வகுப்புகூட வைத்தாராம்.

"ஆனால் மிஸ், ரோணியோத் தாள் அல்லவா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் மனைவி உள்ளிருந்து வந்து விளக்கினார். 89இல் இராணுவம் வீடு வீடாகச் சோதனையிட்டபோது ரோணியோ அடித்த எதைக் கண்டாலும் கலகக்காரரின் துண்டுப்பிரசுரம் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். வாசித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆகவே ஒரு காலையில் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாராம். உங்கள் அறிக்கை, விதைநெல் சுற்றறிக்கை, கோயில் திருவிழா நிகழ்ச்சிநிரல்கூட.

"அன்றைக்குச் சோறு சீக்கிரம் வெந்தது" என்று அந்தோனி சிரித்தார். பிறகு கேட்டார்: "உங்களுடைய சொந்தப் பிரதி எங்கே மிஸ்?"

தேநீரைக் குடித்து முடித்தேன். மற்றப் பேச்சுக்குப் போனேன்.

எங்கே? நானும்தான் எரித்தனான். வாடகை வீட்டின் பின்வளவில், ஒரு தகரப் பேணிக்குள். தனியாக இருக்கிற தமிழ்ப் பொம்பிளை, வீட்டில ரோணியோத் தாள். ஆர் எனக்காகக் கதைக்கப் போகினம்? என் கையாலேயே எரித்துவிட்டுப் பதினான்கு வருடம் அதை மறந்தும் இருந்திருக்கிறேன்.

மார்ச் 8, சனி

லக்கல. போக இரண்டு பஸ், காத்திருப்பு, பிறகு டிராக்டர். விவசாயச் சங்கக் கட்டிடத்தில் ஒரு பெட்டி இருப்பதாகச் சொன்னார்கள். கட்டிடமே இல்லை. போன வருடம் யானை இடித்துவிட்டதாம், உள்ளே இருந்த நெல்லுக்காக.

மார்ச் 19, புதன்

கொழும்பு. மகேந்திரராஜாவின் அறையில் குளிரூட்டி. தலை நரைத்துவிட்டார். இணைப்பு ஆவணத்தின் வரைவைக் காட்டினார்: ஆறாம் பந்தி, மாத்தளை மிளகு. திகதிச் சிக்கல் வழக்குக்குத்தான், பேச்சுவார்த்தைக்கு இல்லை என்றார். அரசாங்கம் தன் வாயால் சொன்னால் அதற்கு ஒரு பெறுமதி உண்டாம். அந்த அமெரிக்கக் கடைக்காரரும் அதைக் காட்டித் துணிந்து வாங்கலாமாம்.

"அது மேசைக்குப் போகுமா?" என்றேன்.

"நீர் கம்பஸிலயும் இப்பிடித்தான். சோதனைக்கு முதலே ஃபெயில் எண்டு சொல்லுவீர்."

"நான் ஃபெயில் ஆகவில்லை."

"அதுதான் எங்களுக்குக் கடுப்பு!"

சிரித்தோம். திரும்பிவரும் பஸ்ஸில் ஆறாம் பந்தியை நான்கு தரம் வாசித்தேன். நல்ல ஆங்கிலம். அதில் யாருடைய பெயரும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

முத்தலிப்பின் வீடு. முன்னறையில் கூரை மட்டத்துக்கு மிளகு மூட்டைகள். கைறுன்னிஸா தேநீரும் தொதலும் வைத்தார். ஆறாம் பந்தியைத் தமிழில் சொன்னேன்.

"கவுர்மெண்டுப் பொஸ்தகத்துல எங்கட மொளகு இருக்கா!" என்றார் கைறுன்னிஸா. "இவங்கட பேரு ரேஷன் கார்ட்லயே பிழையாத்தான் இருக்கு."

"சும்மா இரு" என்றார் முத்தலிப். ஆனால் அவர் முகம் மலர்ந்திருந்தது. பெருநாள் கழித்து வந்த வாங்குபவர் ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம், அமெரிக்க ஓடர் இன்ஷா அல்லாஹ் வந்துவிடும் என்று. மிஸ் இருக்கிறாங்க என்று ஊரில் சொல்லியிருக்கிறார்.

முத்திரையைப் பற்றி நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

வருடப்பிறப்பு விடுமுறை. நிலையத்தில் காவலாளியைத் தவிர யாருமில்லை. அறிக்கை எழுத வேண்டும் என்று சொல்லி உள்ளே போனேன்.

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

பதுர்தீனின் மேசையில் திகதி முத்திரை இருக்கும். சக்கரத்தைத் திருப்பினால் நாள், மாதம், வருடம். அறிக்கையில் 1988 என்று குத்தலாம்; யாராவது கேட்டால், ஒரு கட்டடத் திருத்தத்தின்போது பதிவேட்டின் ஒரு தொகுதி நனைந்து போனதாகவும் சொல்லலாம். 88 என்பது உண்மையான வருடம். பொய்யான திகதியை உண்மையான திகதியால் மாற்றுவது பொய்யா? பேராதனையில் இதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பேன். இன்று முத்திரையைக் கையில் எடுத்தேன்.

வருடச் சக்கரத்தைத் திருப்பினேன். 2003, 2002, 2001... 1996, 1995. அடுத்தது 2006.

மறுபடி திருப்பினேன். 2006, 2005.

புதிய முத்திரை வாங்கியது 95இல். வருடப் பட்டி அங்கேதான் தொடங்குகிறது. 88 அதில் இல்லை.

சிரிப்பு வந்தது. உட்கார்ந்து, முத்திரையை எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்தேன். ஒரு கள்ளத்தனம் செய்யக்கூட எனக்கு வக்கில்லை. காவலாளி கேட்டார், வேலை முடிந்ததா என்று. முடிந்தது என்றேன்.

மே 18

நாடு முழுக்க மழை. தெற்கில் வெள்ளம், மண்சரிவு. முத்தலிப்பின் மூட்டைகள் மட்டும் பூஞ்சணம் பிடிக்கவில்லை. முறை நல்ல முறைதான்.

ஜூன் 26, வியாழன்

மகேந்திரராஜா எடுத்தார். வழக்கமான உற்சாகம் இல்லை, எனவே அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"ஆறாம் பந்தியைத் தூக்கிப்போட்டினம்."

"ஏன்?"

"ஒரு பெரிய நாட்டோட தனியா ஒரு ஒப்பந்தம் பேசுறம். எங்கட உடுப்பை அவை வரி குறைச்சு வாங்க வேணும். அவை கேக்கிறது புலமைச் சொத்துச் சட்டத்தை இறுக்கச் சொல்லி. இந்த நேரத்தில அவையின்ர கம்பனி ஒண்டைக் காட்டி ஒரு பந்தி எழுதேலாதாம்."

"நாங்கள் ஒருவரையும் திட்டவில்லையே. எங்கிருந்து எடுத்தது என்று சொல்லுங்கோ என்றுதானே கேட்டோம்."

"சந்திரா, கோபிக்காதையும். மேல இருக்கிறவை என்னட்டைக் கேட்டதும் இதுதான்: ஒரு பக்கம் லட்சக்கணக்கில தைக்கிற பிள்ளையள், மற்றப் பக்கம் உம்மட நாற்பது குடும்பம். நீர் இந்தக் கதிரையில இருந்தா எதை வெட்டுவீர்?"

தொலைபேசியை வைத்தேன். அவர் அயோக்கியனாக இருந்திருந்தால் திட்டியிருப்பேன்.

மிளகை வெட்டியிருப்பேன். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஜூலை 24

83 கலவரத்துக்கு இருபது வருடம். எழுத ஒன்றுமில்லை.

செப்டெம்பர் 15, திங்கள்

வானொலிச் செய்தி: கன்கூனில் உலக வர்த்தக மாநாடு முறிந்தது. ஏழை நாடுகள் ஒன்றாக நின்று, இப்படியான ஒப்பந்தம் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டன. மண்டபத்துக்கு வெளியே சனம் பாடியதாம்.

நிலையத்தில் பணிப்பாளர் சந்தோஷமாக இருந்தார். "வெற்றி, மிஸ்!"

யாருக்கு? 94ஆம் வருடத்துப் பத்திரம் அப்படியேதான் இருக்கிறது. பேச்சு நடந்தால் எங்கள் பந்தி இல்லை. பேச்சு முறிந்தால் பந்தி வைக்க மேசையே இல்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

ஜும்ஆ முடிந்து முத்தலிப் வந்தார். அமெரிக்கக் கடைக்காரர் கடைசிக் கடிதம் அனுப்பிவிட்டார், மரியாதையான கடிதம். மூட்டைகள் கொழும்பு யாவாரிக்குப் போய்விட்டன, கிடைத்த விலைக்கு. ஊரில் பாதிப் பேர் இந்தமுறை மிளகைப் பச்சையாகவே விற்கிறார்களாம். முக்கினால் பொலிஸ் வரும் என்று யாரோ கதை கட்டிவிட்டான்.

"பொலிஸ் வராது" என்றேன்.

"தெரியும் மிஸ். பயந்தவனுக்குச் சொல்லி வேலயில்ல."

அப்போதுதான் சொன்னேன். முத்திரை, பதிவேடு, என் கையொப்பம். எரித்த பிரதியையும் சொன்னேன். நான் கெஞ்சவில்லை, நியாயம் சொல்லவுமில்லை. எட்டு மாதமாக மனதில் எழுதித் திருத்திய வாக்கியங்கள், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டன.

அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார். பிறகு சிரித்தார். உண்மையான சிரிப்பு.

"ஓடிட்னா அப்படித்தான் மிஸ். தராசு பாக்க நிறுவைக்காரன் வர்றான்னா நாங்களும் படிக்கல்லத் தூக்கிட்டு சீல் குத்த ஓடுவோம். அந்த நேரத்துல யாருக்குப் பின்னால வர்றது தெரியுது?"

என்னைத் திட்டியிருக்கலாம். அதற்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன்.

எழும்பும்போது சொன்னார்: "றமீஸா கார்மெண்டுக்குத் தைக்கப் போறா. முதலாம் திகதியிலருந்து. அவட உம்மாவுக்கு விருப்பமில்ல. எனக்கும்தான். நோன்பு வேற வருது. புள்ள சொல்லுது, வாப்பா, மொளகு போனா சட்டையாவது இருக்கேன்னு."

மகேந்திரராஜாவின் தராசைப் பற்றி நான் அவருக்குச் சொல்லவே இல்லை. அவருடைய மகள் அதைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

நவம்பர் 12

காலை பஸ் நிறுத்தத்தில் கார்மெண்ட் பஸ் போனது. யன்னலோரம் றமீஸா. வெள்ளை ஸ்காஃப். கையை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன், கொஞ்சம் தாமதமாக.

டிசம்பர் 4, வியாழன்

தலைமையகத்திலிருந்து மூன்று பெட்டிகள். விவசாயிகளுக்கான கைநூல், தமிழிலும் சிங்களத்திலும், பளபளக்கும் தாள். "மழைக்கால மிளகுக்கு நவீன பாதுகாப்பு." அந்த ஆக்கவுரிமைக் கம்பனி இலையைத் தூளாக்கிப் பைகளில் அடைத்திருக்கிறது. முதற் பை இலவசம். ஜனவரியில் உக்குவளைப் பகுதியில் பயிற்சி வகுப்பு. நிலையத்தின் சார்பில் நான் தமிழில் நடத்த வேண்டும். பணிப்பாளரின் குறிப்பு: "இவ்விடயத்தில் உங்களுக்கு நீண்டகால அனுபவம் உண்டு."

மூன்றாம் பக்கத்தில் படம். ஒரு பெண், ஒரு கூடை, பக்கத்தில் பெரிய கடிகாரம். "ஐம்பது விநாடி. கடிகாரம் பயன்படுத்துவது அவசியம்."

அந்தப் பெண்ணின் வாய் மூடியிருக்கிறது.

ஒரு பிரதியை நூலகத்துக்குக் கொடுத்தேன். பதுர்தீன் முதற்பக்கத்தைத் திறந்து, முத்திரையைக் கையில் எடுத்துவிட்டு, என்னைப் பார்த்தார். இப்போதெல்லாம் கேட்காமல் குத்துவதில்லை.

"திகதி மிஸ்?"

"இன்றைய திகதி" என்றேன். "நல்லாத் தெளிவாக் குத்துங்க."